மழை பார்க்கும் கை

எங்கள் ஊரில் கட்சிக்காரன் என்று ஒருவன்கூட இருந்ததில்லை. போர் முடிந்த இந்த இரண்டு வருடத்தில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள். எங்களை ஜெயித்து ஊருக்குள் வந்த ஆங்கிலேய அதிகாரி கேட்டார், இல்லை என்றார்கள். பாதிரியார் கேட்டார், இல்லவே இல்லை என்றார்கள். அப்படியானால் பன்னிரண்டு வருஷம் வீட்டுக்கு வீடு ஸ்வஸ்திகக் கொடி தொங்கியதே, அதையெல்லாம் காக்கையா கொண்டுவந்து கட்டிவிட்டுப் போயிற்று? எனக்கு வாயில் நன்றாக வரும். ஆனால் நான் பேச வேண்டியவள் இல்லை. பேசுகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறவள். மேடைக்கு முன்னால் ஒரு குழி, தலைக்கு மேல் ஒரு மரக் கூண்டு, மடியில் நாடகப் பிரதி. நடிகன் வசனத்தை மறந்து முழித்தால் கீழே இருந்து கிசுகிசுப்பேன். இந்த வீப்கேவுக்கு முப்பது வருஷமாக இதுதான் பிழைப்பு.

எங்கள் நாடகக் கொட்டகை குண்டு விழுந்து எரிந்துவிட்டது. இப்போது ஹாப்போவின் மதுக்கடைக்குப் பின்னால் இருக்கிற நடனக்கூடத்தில்தான் நாடகம். கூரையில் பாதி ஓடு, பாதி தார் பூசிய அட்டை. பனி உருகினால் ஆறு இடத்தில் ஒழுகும், அதில் ஒன்று சரியாக மேடைக்கு மேலே. ஹாப்போ கடைக்காரன் மட்டுமல்ல, நகராட்சித் துணைத்தலைவரும்கூட. பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய குரல். கட்சிக்காரன் இல்லாத ஊரில் முதல் கட்சிக்காரன் இல்லாதவன் அவன்தான்.

அந்தக் குளிர்காலத்தில், நாற்பத்தேழாம் வருஷம் பிப்ரவரியில், கெர்கோ ஒரு நாடகம் எழுதிக்கொண்டு வந்தான். கெர்கோ எங்கள் ஊரின் சிரிப்பு நடிகன். போருக்கு முன்னால் அவனும் யோஸ்ட்டும் ஜோடி. கெர்கோ ஒல்லிக்குச்சி, யோஸ்ட் குட்டையாக, உருண்டையாக. கெர்கோ விறைப்பாக நின்று கேள்வி கேட்பான், யோஸ்ட் கோணலாகப் பதில் சொல்வான், ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே பக்கத்து ஊரிலிருந்து படகு பிடித்துக்கொண்டு வருவார்கள்.

முப்பத்தெட்டில் ஒரு நாள் யோஸ்ட் மேடைக்கு வந்தான். எல்லோரும் அந்த நாளில் போட்ட அதே வணக்கத்தைப் போட்டான், வலது கையை விறைப்பாக முன்னால் நீட்டி. போட்டவன் கையை இறக்கவே இல்லை.

"ஏன்பா, கையை இன்னும் இறக்கலையா?" என்றான் கெர்கோ.

"மழை நின்னுடுச்சான்னு பாக்குறேன்."

"உள்ளங்கை கீழ பாத்துக்கிட்டு இருக்கே, எப்படித் தெரியும்?"

"அதனாலதான் அஞ்சு வருஷமா தெரியவே மாட்டேங்குது!"

ஐந்து வருஷம் முன்னால்தான் அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. கொட்டகையில் ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், குழிக்குள் என் காது அடைத்துவிட்டது. நாடகம் முடிந்ததும் தோல் கோட்டு போட்ட ரகசியப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் ஒப்பனை அறைக்குப் போனார்கள். யோஸ்ட்டைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வர ஏழு வருஷம் ஆயிற்று. அந்த ஏழு வருஷமும் கெர்கோ தனியாக நின்று மாமியார் ஜோக்கும் கிழங்கு ஜோக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். கைதட்டு மட்டும் குறையவில்லை.

யோஸ்ட் திரும்பி வந்தபோது பாதி ஆள்தான் வந்தான். கைதி முகாமில் அவனைச் சதுப்பு நிலத்தில் மண் வெட்ட விட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்தால் கரி மாதிரி எரியும். நிலக்கரி கண்ணில் படாத இந்தக் குளிரில் அதுதான் ஊருக்கே அடுப்பு. யோஸ்ட் அதையே வெட்டி விற்கிறான். "அரசாங்கச் செலவுல கத்துக்கிட்ட தொழில்" என்று சொல்வான். ஆனால் சிரிக்க மாட்டான். கெர்கோ எதிரே வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த தெருவில் போய்விடுவான்.

கெர்கோவின் நாடகம் இந்தக் கதைதான். ஒரு மேடையில் இரண்டு கோமாளிகள். ஒருவனைக் கொண்டுபோய்விடுகிறார்கள். மற்றவன் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்கிறான். முதலில் நண்பனின் பெயரைச் சுவரொட்டியில் அழிக்கிறான், அப்புறம் அவன் கோட்டுக் கொக்கியில் தன் கோட்டைத் தொங்கப் போடுகிறான். காணாமல் போனவன் வேஷத்துக்கு ஆள் இல்லை. மேடையில் ஒரு காலி முக்காலி, அவன் வசனம் மட்டும் குழியிலிருந்து என் குரலில் வரும்.

கடைசிக் காட்சியில் அதிகாரி வந்து கேட்பான்: "இந்த ஜோக் யாருது?" அதற்குக் கெர்கோ ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"என்னோடது."

முதல் ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் கெர்கோ நின்றுவிட்டான். நான் எடுத்துக் கொடுத்தேன். நின்றான். சத்தமாக எடுத்துக் கொடுத்தேன். கூடத்துக்கு வெளியே போகிற நாய்க்குக் கேட்டிருக்கும், இவனுக்குக் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு குழியின் விளிம்பில் வந்து உட்கார்ந்தான்.

"நிஜமாவே என்னோடதுதான் வீப்கே," என்றான்.

"என்னது?"

"அந்த மழை ஜோக். காலையில ரொட்டி தின்னும்போது எனக்குத் தோணுச்சு. நான்தான் அவனை சொல்லச் சொன்னேன். அந்த ரெண்டு பேரும் வந்து யாருதுன்னு கேட்டப்ப, யோஸ்ட் கண்ணாடியில என்னைப் பாத்தான். நான் மூஞ்சியில பவுடரைத் துடைச்சுக்கிட்டே இருந்தேன். துடைச்சுக்கிட்டே இருந்தேன் வீப்கே. அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'வாயில வந்துச்சு, சொன்னேன்'னான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் தலையில் பிரதியாலேயே ஒன்று போட்டேன். அப்புறம் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அழுகிற ஒல்லிக்குச்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை அவன் காதுல விழுற மாதிரி சொல்லிட்டாப் போதும். அப்புறம் ஊர் என்னைக் கல்லால அடிச்சாலும் பரவாயில்லை. ஆனா அவன் வரமாட்டானே!" என்றான்.

மறுநாள் நான் யோஸ்ட் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகவில்லை, ஆங்கிலேயப் பட்டாளத்துச் சமையல்காரனிடம் என் பட்டுச் சால்வையைக் கொடுத்து வாங்கிய ஒரு பிடி நிஜத் தேயிலையோடு போனேன். எங்கள் பக்கத்தில் தேநீர் என்றால் மூன்று கோப்பை. அதற்குக் குறைந்து எழுந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம். போதும் என்றால் வாயால் சொல்லக் கூடாது, கரண்டியைக் கோப்பைக்குள் போட வேண்டும். யோஸ்ட் முதல் கோப்பையைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். இரண்டாவது ஊற்றும்போது, "கெர்கோ ஒரு நாடகம் போடுறான்..." என்று ஆரம்பித்தேன்.

க்ளிங். கரண்டி கோப்பைக்குள் விழுந்தது.

"இரண்டாவதுலயேவா! என் சால்வையே போச்சுடா பாவி!" என்றேன்.

"சால்வைக்கு வேணா நாலு மூட்டை மண் தர்றேன். அவன் பேரை எடுக்காதே."

"சரி, எடுக்கலை. மண்ணைப் பத்திப் பேசுவோம். சனிக்கிழமை கூடத்துல அடுப்பு எரியணும். போன தடவை ஹாப்போவோட ஆள் அடுப்பு பாத்தான், ஜனம் புகையில இருமிக்கிட்டே வீட்டுக்குப் போச்சு. நீ வந்து அடுப்பைப் பாத்துக்க."

என்னை முறைத்தான். நான் அவன் தேநீர்ப் பானையை முறைத்தேன்.

"அடுப்புக்கு மட்டும்தான்," என்றான் கடைசியில். "மேடைப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"காட்டு மகராசா, காட்டு. முதுகுக்குக் காது கிடையாதா என்ன?"

இதற்கு நடுவில் ஹாப்போ வந்து குதித்தான். யாரோ அவன் காதில் நாடகக் கதையைப் போட்டிருக்கிறார்கள்.

"இந்த ஊர்ல எவன் கையைத் தூக்கினான்? சொல்லு! எவன் தூக்கினான்? நம்ம ஜனங்களைக் கேவலப்படுத்தவா என் கூடத்தைக் கொடுத்தேன்?"

"நாடகம்தானே தலைவரே, கற்பனை," என்றான் கெர்கோ.

"சனிக்கிழமை முதல் வரிசையில நானே உக்காந்து பாப்பேன். ஊரைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா வந்தா, ஞாயித்துக்கிழமை இந்தக் கதவுல பூட்டு தொங்கும்."

சனிக்கிழமை சாயங்காலம் மின்சாரம் போய்விடும் என்பதால் மதியமே நாடகம். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு மண்கட்டி அல்லது ஒரு விறகு. ஒரு கிழவர் தன் ஊன்றுகோலையே நீட்டி, "திரும்பிப் போறப்ப யாராச்சும் தாங்கிக்குங்கப்பா," என்றார். கூடம் நிரம்பி வழிந்தது. அத்தனை பேரும் கோட்டு, கம்பளி, காதுமூடி, ஒருத்தி ஜன்னல் திரையைக்கூடச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். பின்னால் இரும்பு அடுப்புக்குப் பக்கத்தில் யோஸ்ட், சொன்னபடியே மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெட்டியின் மேல்.

திரைக்குப் பின்னால் கெர்கோ வெளிறிப்போய் நின்றான். நாடகக்காரர்கள் வழக்கப்படி அவன் இடது தோளுக்கு மேல் மூன்று தடவை துப்புகிற மாதிரி செய்தேன். அதற்கு நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் நாடகம் ஊற்றிக்கொள்ளும். முப்பது வருஷமாக மேடை ஏறுகிறவனுக்கு இது தெரியாதா?

"நன்றி வீப்கே," என்றான்.

"அட நாசமாப் போறவனே!" என்றுவிட்டுக் குழிக்குள் இறங்கினேன்.

முதல் அரைமணி நேரம் ஜனம் கல்லாக உட்கார்ந்திருந்தது. மாமியார் ஜோக் வரும் என்று வந்தவர்கள். சுவரொட்டியில் பெயர் அழிக்கிற காட்சியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஹாப்போ நாற்காலியில் இப்படியும் அப்படியுமாக நெளிந்தான். என் குழியிலிருந்து மேடையும் தெரியும், கூண்டின் ஓர் ஓட்டை வழியாகப் பின்னால் கூடமும் கொஞ்சம் தெரியும். யோஸ்ட்டின் முதுகு அசையவில்லை. அடுப்பு மட்டும் ஜோராக எரிந்தது. அந்தச் சூட்டில் கூரைப் பனி உருகி, பக்கெட்டுகளில் டொக் டொக் என்று விழ ஆரம்பித்திருந்தது. மேடையில் இருந்த பக்கெட்டை மட்டும் சத்தம் போடுகிறதென்று எடுத்துவிட்டோம்.

கடைசிக் காட்சி வந்தது. அதிகாரி வேஷம் எங்கள் தபால்காரன் ஒன்னோவுக்கு. அவன் மேடையின் பக்கவாட்டிலிருந்து வராமல் கூடத்தின் வாசல் வழியாக, ஜனங்களுக்கு நடுவே வர வேண்டும் என்பது கெர்கோவின் ஏற்பாடு. ஒத்திகையில் காலி நாற்காலிகளுக்கு நடுவே வந்தான், ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்குக் கதவு படார் என்று திறந்தது. இரவல் பூட்ஸ் மரத்தரையில் தடதடவென்று வந்தது. ஒன்னோ நடுவில் நின்று குதிகாலைச் சேர்த்து அடித்து, தபால்காரனின் முழுத் தொண்டையில் அந்தப் பழைய வணக்கத்தைக் கத்தினான்.

முன்னூறு பேரும் எழுந்து நின்றார்கள்.

நின்றது மட்டுமா? கை! முன்னூறு வலது கையும் தானாக மேலே போயிற்று. கம்பளி போர்த்திய கை, உறை போட்ட கை, ஜன்னல் திரை சுற்றிய கை. பாதியில் நின்றவை சில, முழுசாக நீண்டவை பல. ஊன்றுகோல் கிழவர்கூட, பக்கத்து ஆளைப் பிடித்துக்கொண்டு. முதல் வரிசையில் ஹாப்போவின் கை எல்லோருக்கும் முந்திக்கொண்டு, நல்ல பயிற்சியோடு, கண் மட்டத்துக்கு. மேடையில் கெர்கோவின் கையும். பொய் சொல்வானேன், குழிக்குள் என் முழங்கை கூண்டுப் பலகையில் ணங்கென்று இடித்தது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது நானும் தூக்கியிருக்கிறேன் என்று.

ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். கையை இறக்கவும் வெட்கம், வைத்திருக்கவும் வெட்கம்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். முதலில் அடுப்பு வெடிக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் அடையாளம் தெரிந்தது. யோஸ்ட்டின் சிரிப்பு! ஒன்பது வருஷமாக ஊர் கேட்காத சிரிப்பு. கூடத்தில் எழுந்து நிற்காத ஒரே ஆள் அவன். பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி, இந்தப் பக்கம் திரும்பி, கையில் மண்கட்டியோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

"கட்சிக்காரனே... இல்லாத... ஊருடா!" என்றான் மூச்சு வாங்க.

அவ்வளவுதான். ஜன்னல் திரைக்காரிதான் முதலில் க்ளுக்கென்றாள். அப்புறம் கூடமே உடைந்தது. ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். எனக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது, முழங்கை வலியால் மட்டுமல்ல. ஹாப்போ தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் வழுக்கைத் தலையைச் சொறிந்தான்.

"பீர் கொண்டு வரச் சொல்லத்தான் கையைத் தூக்கினேன்," என்றான்.

"உங்க கடைதானே தலைவரே, நீங்களே எடுத்துக்குங்க!" என்று யாரோ கத்தினார்கள். அதற்கு இன்னொரு தடவை கூரை அதிர்ந்தது. கடைசியில் ஹாப்போவின் தொப்பையும் குலுங்க ஆரம்பித்தது. "சரி, எல்லாரும் உக்காருங்கடா எருமைகளா," என்று அவனும் உட்கார்ந்தான்.

சிரிப்பு அடங்கியபோது மேடையில் கெர்கோ மட்டும் அப்படியே நின்றான். கை இன்னும் இறங்கவில்லை. நடிப்பில்லை அது. பாவம் ஒன்னோ, தன் வேலையை நினைத்துக்கொண்டு மேடை ஏறிக் கேட்டான்:

"இந்த ஜோக் யாருது?"

கெர்கோ வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

"என்னோடது," என்று கிசுகிசுத்தேன்.

வரவில்லை. "என்னோடது! என்னோடது!" முதல் வரிசைக்கே கேட்டுவிட்டது. ஹாப்போ குனிந்து என் கூண்டைப் பார்த்து, "உன்னோடதா?" என்றான். அவன் மூக்கைத் திருகலாம் போலிருந்தது. அதற்குள் யோஸ்ட் எழுந்து கதவுப் பக்கம் நடப்பது ஓட்டை வழியாகத் தெரிந்தது. போச்சு, இவன் போனால் போனவன்தான் என்று நினைத்தேன்.

கதவுக்குப் போகவில்லை. நடுவழியில் வந்து நின்றான்.

"ஏன்பா," என்றான் அங்கிருந்து, "கையை இன்னும் இறக்கலையா?"

அது கெர்கோவின் பழைய கேள்வி. கூடத்தில் பாதிப் பேருக்கு மனப்பாடம். கெர்கோ தலையை மட்டும் அவன் பக்கம் திருப்பினான்.

"மழை நின்னுடுச்சான்னு பாக்குறேன்."

"உள்ளங்கை கீழ பாத்துக்கிட்டு இருக்கே, எப்படித் தெரியும்?"

எல்லோரும் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். கெர்கோ அதைச் சொல்லவில்லை.

"அது என்னோடது யோஸ்ட்," என்றான். "ஜோக் என்னோடது. அன்னைக்கு அவங்க கேட்டப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். போக வேண்டியவன் நான்."

யோஸ்ட் மண்கட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"எனக்குத் தெரியாதாடா? அவ்வளவு நல்ல ஜோக் எனக்கு என்னைக்காவது தோணியிருக்கா?" என்றான். யாரோ சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். "ஊருக்குத்தான் தெரியாது. இன்னொரு தடவை சொல்லு. சத்தமா. பின்னாடி அடுப்பு வரைக்கும் கேக்கணும்."

"என்னோடது!" என்று கத்தினான் கெர்கோ. அவன் முப்பது வருஷ நாடக வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக ஒரு வசனம் பேசி நான் கேட்டதில்லை.

யோஸ்ட் மேடைப்படி ஏறினான். கெர்கோவுக்கு முன்னால் போய் நின்று அவனைக் கீழிருந்து மேலாகப் பார்த்தான். அறையப் போகிறான் என்றே நினைத்தேன், அறைந்தாலும் தப்பில்லை. அவன் கரி படிந்த கையால் கெர்கோவின் நீட்டிய கையைப் பிடித்து, மெதுவாகத் திருப்பி, உள்ளங்கை மேலே பார்க்க வைத்தான்.

கூரை ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு அந்தக் கையில் விழுந்தது. இதை எந்த ஒத்திகையிலும் யாரும் ஏற்பாடு செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

யோஸ்ட் அதைப் பார்த்தான். அண்ணாந்து கூரையைப் பார்த்தான். கூடத்தைப் பார்த்தான், அத்தனை முகங்களையும், ஒவ்வொரு வரிசையாக.

"இன்னும் தூறுது," என்றான்.

பிறகு நகர்ந்து போய்க் காலி முக்காலியில் உட்கார்ந்தான். "என் கோட்டுக் கொக்கியில உன் கோட்டைப் போட்டிருக்கே. எடு."

கெர்கோ ஓடிப்போய் எடுத்தான். கைதட்டு எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. உறை போட்ட கைகள் தட்டினால் பொத் பொத் என்றுதான் கேட்கும். அதனால் ஒவ்வொருவராக உறையைக் கழற்றிவிட்டுத் தட்டினார்கள். ஹாப்போவும் தட்டினான். ஞாயிற்றுக்கிழமை கதவில் பூட்டு தொங்கவில்லை. அவனே ஏணி வைத்துக் கூரையில் அட்டை அடிக்க ஏறினான். மேடைக்கு மேலே இருந்த ஓட்டையை மட்டும் அடைக்கக் கூடாதென்று கீழே நின்று கத்தினேன்.

அன்றைக்குத் திரை விழுந்ததும் மிச்சமிருந்த தேயிலையைக் கொண்டு ஒப்பனை அறையில் தேநீர் போட்டேன். பழையபடி இரண்டு பேரும் ஒரே கண்ணாடிக்கு முன்னால். முதல் கோப்பையை மூன்று பேரும் ஊதி ஊதிக் குடித்தோம். இரண்டாவதில் யோஸ்ட், "கிழங்கு ஜோக்கெல்லாம் சொன்னியாமே. ஏழு வருஷமா கிழங்கா? நானே தேவலைடா, முகாம்ல நல்ல ஜோக்கா சொன்னாங்க," என்றான். கெர்கோ சிரிக்கிறானா அழுகிறானா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டான். மூன்றாவது கோப்பையும் முடிந்தது. யோஸ்ட் கரண்டியைக் கையில் எடுத்தான். நானும் கெர்கோவும் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, காலிக் கோப்பையைக் கெர்கோவிடம் நீட்டினான்.

"ஊத்து," என்றான்.